மணி என்ன? எவ்வளவு நேரமாச்சு?

எங்கள் வீட்டில் ஊஸ்டர் என்றால் ஊர் இல்லை, மெஷின். அப்பா கோயமுத்தூரில் ஒரு நூற்பாலையின் டெஸ்டிங் லேபில் இருந்தார். "இன்னிக்கு ஊஸ்டர் சரியில்லை" என்று சொல்லிக்கொண்டே அவர் செருப்பைக் கழற்றினால், அன்றைக்கு யாரும் அவரிடம் காசு கேட்கக் கூடாது என்று எங்களுக்குத் தெரியும். நூலை இரண்டு தகடுகளுக்கு நடுவே ஓடவிட்டு, எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது என்று கோடு இழுத்துக் காட்டும் கருவி அது. அந்தப் பெயரில் ஸ்விட்சர்லாந்தில் ஓர் ஊர் இருக்கிறது, 1957 முதல் 'ஊஸ்டர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' என்று உலகத்து நூலுக்கெல்லாம் மார்க் போடுவது அந்த ஊர்க்காரர்கள்தான் என்பதெல்லாம் நான் வேலை கிடைத்து இங்கே வந்த பிறகு தெரிந்துகொண்டவை. நான் சேர்ந்தது அந்தக் கம்பெனியில் அல்ல. மென்பொருள் எழுதும் வேறொரு சின்ன இடம். பெயர் வேண்டாம், பாவம், அவர்கள் என்ன செய்தார்கள்?

வந்த வாரமே முதல் அசட்டுத்தனம். ஊஸ்டர் ஸ்டேஷனில் சூரிச் ரயிலுக்கு நிற்கிறேன். தலைக்கு மேல் அந்தப் புகழ்பெற்ற ரயில்வே கடிகாரம். வெள்ளை முகம், கறுப்பு முள், நுனியில் வட்டம் வைத்த சிவப்பு விநாடி முள். அந்தச் சிவப்பு முள் சுற்றி வந்து 12-ல் நின்றுவிட்டது. ஒரு கணம் அசையவே இல்லை. அடுத்த சுற்றிலும் அதே கதை. உடனே வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸாப்பில் போட்டேன்: "சுவிஸ்காரன் கடிகாரமே நின்னு நின்னுதான் ஓடுது!" சித்தப்பா எட்டு சிரிப்புப் பொம்மை போட்டார்.

அது நிற்பதற்கென்றே செய்த கடிகாரம். 1944-ல் ஹான்ஸ் ஹில்ஃபிக்கர் என்ற ரயில்வே பொறியாளர் வடிவமைத்தது. சிவப்பு முள் பின்னால் சேர்ந்தது, ரயிலைக் கிளப்புகிறவர் கையில் பிடிக்கும் கோலின் சாயலில். அது 58.5 விநாடியில் ஒரு சுற்றை முடித்துவிட்டு, தலைமைக் கடிகாரத்திலிருந்து நிமிடத்துக்கான மின்துடிப்பு வரும்வரை மேலே காத்திருக்கும். வந்ததும் நிமிட முள் ஒரு துள்ளல், சிவப்பு முள் மறுபடி ஓட்டம். ரயில் பிடிக்க இதைவிட நம்பகமான கடிகாரம் கிடையாது. ஆனால் முட்டை வேகவைக்க இதைப் பார்த்து விநாடி எண்ணினால் ஏமாறுவோம். இந்த வித்தியாசம் அன்றே என் மண்டையில் ஏறியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை.

எங்கள் பிழைப்பு ஜாவா என்ற கணினி மொழியில். ஒரு ஃபங்ஷன் எதற்கு ஆகும், எதற்கு ஆகாது, ஆகாதென்றால் எதை எடுக்க வேண்டும் என்பதையெல்லாம் அதன் தலைமேலேயே கமென்ட்டாக எழுதி வைத்திருப்பார்கள். மவுஸைக் கொண்டுபோனால் போதும், பெட்டி திறந்து மொத்தத்தையும் காட்டும். நான் ஈ ஓட்டுவதுபோல மவுஸை ஆட்டி அந்தப் பெட்டியை விரட்டிவிட்டு வேலை பார்க்கிற ஜாதி.

இரவில் ஓடும் கணக்குவேலை ஒன்று எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளக்கச் சொன்னார்கள். 'லோக்கல்-டேட்-டைம்' என்பதை எடுத்துத் தொடக்கத்தில் ஒருமுறை மணி கேட்டேன், முடிவில் ஒருமுறை மணி கேட்டேன், கழித்தேன். அதன் கமென்ட் சொல்வது: கால ஓட்டத்தில் இது எந்தக் கணம் என்று இதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, எந்த ஊர் நேரம் என்றும் தெரிய வேண்டும். படித்தவர்களுக்குச் சொன்னது, எனக்கில்லை.

அக்டோபர் கடைசி ஞாயிறு. கோடை நேரத்துக்காக ஒரு மணி முன்னால் தள்ளி வைத்த கடிகாரத்தை, அதிகாலை 3 மணியானதும் ஊரே 2-க்குத் திருப்பி வைக்கும். கோயமுத்தூர்க்காரனுக்கு இது என்ன தெரியும்? இங்கே இருப்பவர்களுக்கே ஒரு காலத்தில் பிடிக்காத விஷயம். 1978-ல் விவசாயிகள் எதிர்த்து நின்று, வாக்கெடுப்பில் கோடை நேரமே வேண்டாமென்று தள்ளினார்கள். 1980 கோடையில் ஜெர்மனியும் பிரான்ஸும் இத்தாலியும் ஒரு மணி, சுவிஸ் மட்டும் வேறொரு மணி. கட்டுப்படியாகாமல் 1981-ல் வழிக்கு வந்தார்கள். அந்த ஞாயிறு என் கணக்குவேலை 2:40-க்குத் தொடங்கி, 25 நிமிடம் ஓடி, 2:05-க்கு முடிந்தது. என் ரிப்போர்ட் சொன்னது: ஆன நேரம், மைனஸ் 35 நிமிடம். வேலை தொடங்குவதற்கு முன்பே முடித்துக் கொடுத்த முதல் தமிழன் நான்தான்.

அலாரம் அடித்து, ஞாயிறு விடியலில் நாலு பேரை எழுப்பியிருந்தது. அதில் ஒருவர் யாழ்ப்பாணத்து அண்ணை. இங்கே வந்து முப்பது வருடத்துக்கு மேல். திங்கட்கிழமை என் திரையைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "தம்பி, அதில எழுதிக் கிடக்குதே, வாசிக்கேல்லையோ?"

"அவசரத்துல பார்க்கலைங்க அண்ணா" என்றேன். அவசரம் என்று எதுவும் இருக்கவில்லை. அன்று பாதி நேரம் காபி மெஷின் பக்கத்தில்தான் நின்றேன்.

திருத்தினேன். 'கரன்ட்-டைம்-மில்லிஸ்' போட்டேன். ஊர் நேரம் மாறினாலும் அது மாறாது, சரிதான். ஆனால் அதுவும் மணி சொல்கிற கடிகாரமே. நெட்வொர்க் சர்வர் அவ்வப்போது அதன் காதைத் திருகிச் சரிசெய்யும். ஒருநாள் நடுவில் திருகியது, மறுபடி மைனஸ். இந்த முறை சின்ன மைனஸ்தான். அதை வளர்ச்சி என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகுதான் 'நானோடைம்'. அதன் கமென்ட்டின் முதல் பாதியைப் படித்தேன்: கால அளவு எடுக்க மட்டுமே இது, சுவர்க் கடிகாரத்தோடு சம்பந்தம் இல்லை. அடடா, இதுதானே நமக்கு வேண்டியது என்று அங்கேயே நிறுத்தினேன். மறுபாதி சொல்வது: இது எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறது என்பது அதன் இஷ்டம், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராமுக்குள் மட்டுமே அந்தக் கணக்கு செல்லும். நானோ ஒரு சர்வரில் எடுத்த எண்ணை இன்னொரு சர்வரில் எடுத்த எண்ணிலிருந்து கழித்தேன். வந்த விடை வாரக் கணக்கில் இருந்தது. அதே கமென்ட்டில், சுமார் 292 வருடத்தைத் தாண்டும் இடைவெளி தப்பாக வரும் என்று ஓர் எச்சரிக்கையும் உண்டு. அந்த ஒரு தப்பை மட்டும் நான் இன்னும் செய்யவில்லை.

அன்று இரவு அப்பாவுக்கு போன் போட்டுப் புலம்பினேன். அவர் சிரிக்கவில்லை. "சாமி, எங்க மில்லுல ஊஸ்டர் சீட்டைத் தூக்கிட்டு வந்து நூல் அறுமா அறாதான்னு கேப்பாங்க. அது நூல் சமமா ஓடுதான்னு பார்க்கற மெஷினு. பலம் பார்க்க வேற மெஷின் பக்கத்துலயே நிக்கும். நான் அட்டையில எழுதியே ஒட்டி வெச்சிருந்தேன்."

"படிச்சாங்களாப்பா?"

"அட்டைய எடுத்து விசிறிக்கிட்டாங்க."

இதில் எனக்குக் கொஞ்சம் வெட்கம். 'மணி என்ன', 'எவ்வளவு நேரமாச்சு' என்று இரண்டு கேள்வியைப் பிறந்ததிலிருந்து குழப்பாமல் கேட்கிற மொழிக்காரன் நான். அதே வித்தியாசத்தை இங்கிலீஷில் கமென்ட்டாக எழுதி வைத்தால் மட்டும் கண் மறைத்துவிடுகிறது.

பரிகாரமாக, எங்கள் கோடில் அந்த இடத்துக்கு மேலே நானே ஒரு கமென்ட் எழுதினேன். மணி கேட்க வந்தவர் இந்த ஃபங்ஷனை எடுக்கவும், எவ்வளவு நேரமாச்சு என்று கேட்க வந்தவர் அந்த ஃபங்ஷனை எடுக்கவும். எட்டு வரி, இரண்டு உதாரணம். அண்ணை பார்த்துவிட்டு, "வடிவாய் எழுதியிருக்கிறீர்" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆறு மாதம் கழித்துப் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவனின் ரிப்போர்ட்டில் மைனஸ் வந்தது. இந்த நாளுக்காகத்தானே காத்திருந்தேன்! நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, முடிந்தவரை அண்ணையின் குரலில் கேட்டேன்: "தம்பி, மேலேயே எழுதியிருக்கே, படிக்கலையா?"

"படிச்சேன் அண்ணா" என்றான். "படிச்சதாலதான் இப்படி ஆச்சு. நீங்க ரெண்டு ஃபங்ஷன் பேரையும் இடம் மாத்தி எழுதிட்டீங்க."