சாவி யார் கையில்? ஆன்லைன் ஆட்டக்காரர்களின் கேள்விகள்

கேள்வி: பிஜிஎம்ஐ மேட்ச்சில் நாக் ஆகிக் கிடந்தேன். பக்கத்தில் நின்ற நண்பன் ரிவைவ் பண்ணவில்லை. நான் செத்ததும் என் பெட்டியிலிருந்த ஸ்கோப்பை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான். துரோகம்தானே?

ஸ்கோப்பை விட்டுவிடுங்கள், செத்தவருக்கு அது எதற்கு? ரிவைவ் பண்ண சில நொடி ஒரே இடத்தில் உட்கார வேண்டும். எதிரி குறிபார்த்துக்கொண்டிருந்தால், அந்தச் சில நொடியில் இரண்டு பேரும் காலி. ஆனால் பையில் ஸ்மோக் குண்டு வைத்துக்கொண்டே போடாமல் ஓடினானா? அதைக் கேளுங்கள். மேட்ச் முடிந்த பிறகு, மற்றவர்கள் காதில் விழாமல்.

கேள்வி: வருஷக்கணக்காக எங்கள் கில்டுக்கு (ஆட்டக்குழுவுக்கு) சேர்த்த பொருளையெல்லாம் துணைத் தலைவர் சுருட்டிக்கொண்டு எதிர் கில்டில் சேர்ந்துவிட்டார். ‘அண்ணே அண்ணே’ என்று பழகினோம். வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள்.

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். பொருள் திரைக்குள் இருந்தது. அதற்காக விழித்த இரவு திரைக்கு வெளியே இருந்தது. வலிக்கத்தான் செய்யும்.

இந்த வலியில் மூத்தவர்கள் ‘ஈவ் ஆன்லைன்’ ஆடுபவர்கள். ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003-ல் வெளியிட்ட விண்வெளி விளையாட்டு அது. அங்கே கூட இருந்தே குழி பறிப்பதற்கும் விதி இடம் கொடுக்கிறது. 2005-ல் ‘கைடிங் ஹேண்ட் சோஷியல் கிளப்’ என்ற கூலிப்படை, ஓர் அணிக்குள் தன் ஆட்களை நுழைத்து, மாதக்கணக்கில் விசுவாசமாக உழைக்கவிட்டது. பிறகு ஒரே நாளில் தலைவியின் கப்பலை வீழ்த்தி, கிடங்குகளையும் துடைத்துக்கொண்டு போனது. போன பொருளின் மதிப்பு சுமார் 16,500 டாலர் என்று அப்போது கணக்குப் போட்டார்கள்.

2009 பிப்ரவரியில் நடந்தது இன்னும் பெரிது. ‘பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்’ கூட்டணி என்றால் அன்று எல்லோருக்கும் நடுக்கம். அதன் நிர்வாகிகளில் ஒருவர் எதிரியான ‘கூன்ஸ்வார்ம்’ பக்கம் சாய்ந்தார். தனக்கிருந்த அதிகாரத்தை வைத்தே உறுப்புக் குழுக்களை ஒவ்வொன்றாக நீக்கினார், கூட்டணியைக் கலைத்தார். அதற்கு ஒரு குண்டுகூட செலவாகவில்லை. எதிரிகள் அந்தப் பெயரையும் தங்கள் பெயரில் பதிந்துகொண்டார்கள்.

அவரைப் பலரும் திட்டினார்கள். நான் கேட்பது வேறு: அத்தனை பேர் உழைப்பையும் ஒருவர் ஒரே இரவில் கலைக்கிற மாதிரி ஏன் வைத்திருந்தார்கள்? கோயில் உண்டியலை யாரும் தனியாகத் திறப்பதில்லை. ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ கில்டு வங்கியில், எந்தப் பதவிக்காரர் ஒரு நாளைக்கு எவ்வளவு எடுக்கலாம் என்று வரம்பு வைக்கலாம். யார் எதை எடுத்தார் என்ற பதிவும் இருக்கும். உங்கள் விளையாட்டிலும் அந்த வசதி இருக்கிறதா என்று இன்றைக்கே தேடுங்கள். வரம்பு வைத்தால் அண்ணன் கோபித்துக்கொள்வாரே என்று தயங்காதீர்கள். நல்ல அண்ணனுக்கு அது பாதுகாப்பு. நாளைக்கு ஒரு பொருள் குறைந்தால் அவர் பெயர் அடிபடாது.

கேள்வி: நண்பனுக்கு ஐடி கொடுத்தேன். பாஸ்வேர்டை மாற்றிவிட்டான். இதுவும் விளையாட்டுதான் என்கிறான்.

இல்லை. இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவுப்படி, அடுத்தவர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினால் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். அதை அவனிடம் நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். பணமும் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் போடுங்கள்.

கேள்வி: விளையாட்டை நடத்தும் கம்பெனியே ஒரு தரப்புக்குச் சாய்ந்தால்? நமக்காகப் பேச யார் இருக்கிறார்கள்?

ஈவ் விளையாட்டில் இதற்கும் ஒரு வழி இருக்கிறது. அங்கே கம்பெனி ஊழியர் ஒருவரே தான் ஆடிய அணிக்கு அரிய வரைபடங்களை முறைகேடாகச் சேர்த்தது 2007-ல் வெளியே வந்தது. அணி எது தெரியுமா? அதே பேண்ட் ஆஃப் பிரதர்ஸ். கொதிப்பு அடங்கவில்லை. 2008-ல் ஆட்டக்காரர்களே ஓட்டுப் போட்டு ஒன்பது பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ‘சிஎஸ்எம்’ என்கிற அந்த மன்றத்தினரை ரெய்க்யவிக்குக்கு வரவழைத்துக் கம்பெனி கலந்து பேசுகிறது.

அலங்காரப் பதவி என்று அலட்சியம் செய்தவர்கள் உண்டு. 2011-ல் கதாபாத்திரம் மாட்டிக்கொள்ளும் ஒற்றைக் கண்ணாடிக்கு 60 டாலருக்கு மேல் விலை வைத்தார்கள். காசு கொடுத்தால் பலமும் கிடைக்கும் நிலை வந்துவிடுமோ என்று பயந்த ஆட்டக்காரர்கள், விளையாட்டுக்குள் ‘ஜீட்டா’ சந்தையில் நின்ற சிலையைச் சூழ்ந்து சுட்டுத் தள்ளினார்கள். நிறுவனம் மன்றத்தை அவசரமாக அழைத்துப் பேசியது. அக்டோபரில் தலைமை அதிகாரி ஹில்மர் பியெட்டுர்சன் மன்னிப்புக் கேட்டு எழுதினார். சுட்டதால் சத்தம் கேட்டது. உள்ளே உட்கார்ந்து எடுத்துச் சொல்ல ஆள் இருந்ததால் அது கோரிக்கை ஆனது. மாதாமாதம் நம் காசை வாங்கும் ஒவ்வொரு விளையாட்டிலும் இப்படி ஒரு மன்றம் இருந்தாக வேண்டும்.

கேள்வி: அந்தப் பிரதிநிதியே துரோகம் செய்தால்?

செய்தார். 2017 செப்டம்பரில், மன்ற உறுப்பினர் ஒருவர் தன் கூட்டணியான ‘சர்க்கிள் ஆஃப் டூ’வின் கோட்டைகளையும் கஜானாவையும் கைமாற்றிவிட்டார். விதிப்படி அதில் குற்றமில்லை. ஆத்திரம் தாங்காத கூட்டணித் தலைவர், ஆட்டத்துக்கு வெளியே அந்த உறுப்பினரின் உடம்புக்கு ஆபத்து வரும் என்று சாட்டில் மிரட்டினார். நிரந்தரத் தடை விழுந்தது மிரட்டியவர் மேல்.