ரகசியத்தின் ரயில் யாத்திரை

1984இல் தோன்றிய மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தின் அண்மை அளித்த உற்சாகமோ என்னவோ, தாம்பரத்துத் தொழில்நுட்ப முதலாளி, தம் சிந்தையில் உதித்த அபூர்வ யந்திரத்தின் சூட்சுமத்தைக் கூட்டாளிக்கும் கணக்கருக்கும், ஏன், தர்மபத்தினிக்கும்கூட, முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்ட பின்னரே வெளியிடுவார். ஆனால் அதே சூட்சுமத்தை, கடற்கரை செல்லும் மின்சார ரயிலில் ஏறி, சானடோரியத்தில் தொடங்கிப் பல்லாவரம் வருவதற்குள், கைப்பேசியில் உரத்த குரலில் சாங்கோபாங்கமாக விவரித்து முடித்துவிடுவார். காப்புரிமை விண்ணப்பத்துக்கு முன்பே பகிரங்கமான பொருளைப் புதுமையற்றதெனச் சட்டம் தள்ளிவிடக்கூடும் என்பது அப்போது அவர் நினைவுக்கு வருவதில்லை.

யந்திரத்தை இயக்கும் நிரலுக்கும் தனியே காப்புரிமை உண்டு என்பது அவருடைய மற்றொரு திட நம்பிக்கை. கணினி நிரல் தன்னளவில் கண்டுபிடிப்பாகாது என்று 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு விதிப்பதையும், அதற்குரிய அரண் பதிப்புரிமையே என்பதையும் எடுத்துச் சொன்னால், "வணிகச் சின்னத்தைப் பதிவு செய்தாயிற்றே, போதாதா?" என்பார்.

போதாது, ஐயா. காப்புரிமை அலுவலகம் கிண்டியில், ஜி.எஸ்.டி. சாலையில்தான் இருக்கிறது; விண்ணப்பித்த நாள் முதல் 20 ஆண்டு காப்பு உண்டு. முதலில் அங்கே இறங்குங்கள். பேச்சைத் திரும்பும் ரயிலில் வைத்துக்கொள்ளலாம்.