காக்கா காலும் பால் கணக்கும்

ஏலே பேராண்டி, பால் சொசைட்டிக்கு டேட்டாபேஸ் பண்ணுதேன்னு சொல்லிட்டு விடிஞ்சா அடைஞ்சா நீலப் பொட்டிக்குப் பச்சை பூசிட்டு இருக்க. பூசு. மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புல அடிச்ச பெயிண்ட் மிச்சம் கெடக்கு, வேணும்னா தாரேன்.

மைஎஸ்கியூஎல் வொர்க்பெஞ்சாம்லா. உறுப்பினர் ஒரு பொட்டி, பால் வரவு ஒரு பொட்டி, நடுவுல கோடு, நுனியில காக்கா கால் மூணு வெரல விரிச்சிட்டு நிக்கி. ஒரு உறுப்பினருக்குப் பல வரவு. பீட்டர் சென்னுங்கவரு 1976-லேயே பொட்டியும் சாய்சதுரமுமா இதை வரைஞ்சு காட்டிட்டாரு. கோடு இழுக்கது பெரிய வித்தை இல்லலே, அந்தக் கோடு கேக்க கேள்விக்குப் பதில் சொல்லு. கீழத்தெரு அத்தை ஊத்துத பால் அவ பேர்லயா, மாமா பேர்லயா? ஒரே கார்டுல ரெண்டு வீட்டுப் பால் வருதே, அது எந்தப் பொட்டியில அடையும்? செயலாளர்கிட்ட ஒரு வார்த்த கேட்டா டீ வாங்கிக் குடுக்கணும்னு பயமோ?

போன் நம்பருக்கு இன்ட்னு போட்டிருக்க. அதுக்குள்ள 2147483647-க்கு மேல கொள்ளாது. நம்மூரு செல் நம்பரு 6, 7, 8, 9-லதான ஆரம்பிக்கி? ஒண்ணுகூட உள்ள போவாது. வார்கேர்னு மாத்து, அதைக் கூட்டிக் கழிக்கவா போற?

இனிதான் வேடிக்கை. பொட்டி நீளமா இருக்குன்னு கொழுப்பு காலத்தை அழிச்சிட்ட. கொறைக்க வேண்டிய கொழுப்பு உங்கிட்ட இருக்கு, நீ பால்ல உள்ளதை அழிச்சிருக்க. அப்புறம் சிங்க்ரனைஸ் மாடல். நெக்ஸ்ட், நெக்ஸ்ட், நெக்ஸ்ட். நடுவுல ஒரு பக்கத்துல ஆல்டர் டேபிள், டிராப் காலம்னு எழுதிக் காட்டத்தாம்லே செய்யுது. கல்யாணப் பத்திரிகையில உம்பேரு எத்தனையாவதா வந்திருக்குன்னு தேடிப் படிக்கியே, இதைப் படிக்க என்ன வலிக்கி? மைஎஸ்கியூஎல்ல அது ஓடிருச்சுன்னா ரோல்பேக் போட்டுத் திருப்ப முடியாது. படத்துல அன்டூ அமுக்குனா பேரு திரும்பி வரும், உள்ள இருந்த கணக்கு வராது. கொழுப்பு தெரியாம எதை வச்சு வெல போடுவ, வெறும் லிட்டரை வச்சா? தண்ணி ஊத்துதவன் உனக்குக் கோயிலே கட்டிருவான்.

மொதல்ல பேக்கப் எடு. காப்பி டேட்டாபேஸ்ல ஓட்டிப் பாத்துட்டு அசல்ல கைவையி. ஓடிட்டு இருக்க பழைய டேட்டாபேஸை ரிவர்ஸ் இன்ஜினியர் பண்ணி அதுகிட்டயே படத்தை வாங்கு, நீயா சோடிக்காத. அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டுச் செயலாளர் முன்னால விரி. மனுசன் கண்ணாடியைத் துடைச்சு மாட்டிட்டு எப்படியும் ரெண்டு பொட்டியைச் செவப்பு மையில அடிச்சு விட்டுருவாரு. தாள்லதான, அடிக்கட்டும்.