கஹாலின் 60 பிரதிகள்

நரம்பியல் ஆய்வாளர் ஒருவர் தாமே ஓர் இதழைத் தொடங்கித் தம் கட்டுரைகளை அதிலேயே வெளியிட்டுக்கொண்டால், அதை யார் மதிப்பார்கள்?

நோபல் குழு மதித்தது. 1888இல் பார்சிலோனாவில் சாந்தியாகோ ரமோன் இ கஹால் சொந்தச் செலவில் இதழ் தொடங்கி, 60 பிரதிகளே அச்சிட்டு, அவற்றில் பெரும்பகுதியை அயல்நாட்டு அறிஞர்களுக்கு அனுப்பியபோது, ஸ்பானிய மொழி பலருக்குத் தெரியாததால் கவனிப்பார் அதிகம் இல்லை. அடுத்த ஆண்டே அவர் பெர்லினில் கூடிய உடற்கூற்றியல் மாநாட்டுக்குச் சென்று, வெள்ளி உப்பால் சாயமேற்றிய மூளைத் திசுவை நுண்ணோக்கியில் காட்டி, நரம்புச் செல்கள் வலைபோல் ஒட்டிக் கிடக்காமல் தனித்தனியாக நிற்பதை விளக்கினார். அக்காலப் பேரறிஞர் கோலிகர் அதைக் கண்டு அவர் பக்கம் வந்ததோடு, கஹாலைப் படிப்பதற்காகவே ஸ்பானிய மொழியையும் கற்றார். மேற்கோள் என்றால் இதுவல்லவா மேற்கோள்? 1906இல் கஹால், அந்த வெள்ளிச் சாய முறையைக் கண்டறிந்த கோல்ஜியுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மேற்கோள்களை எண்ணும் எச்-குறியீடு உயர்ந்தால்தானே ஆய்வாளரும் உயர்ந்தவர்?

2005இல் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் வகுத்த அக்குறியீட்டின்படி, ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறை மேற்கோள் காட்டப்பட்ட 20 கட்டுரைகள் ஒருவருக்கு இருந்தால் அவரது எண் 20 ஆகும். பணி நியமனக் குழுக்கள் அந்த எண்ணோடு நின்றுவிடாமல் கட்டுரைகளையும் படிக்க வேண்டும். ஏனெனில், வலிப்புக்கான அறுவையில் ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப் பகுதியில் கணிசமான பாகத்தை இழந்து, புதிய நினைவுகளைப் பதிக்கும் ஆற்றலையும் இழந்த எச்.எம். என்ற நோயாளியைப் பற்றி 1957இல் ஸ்கோவிலும் பிரெண்டா மில்னரும் எழுதிய கட்டுரை, நினைவாற்றல் ஆய்வின் போக்கையே மாற்றி, ஆயிரக்கணக்கான முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தும், எச்-குறியீட்டில் அதன் பங்கு வெறும் ஒன்று.