எஞ்சின் துரை

பெட்டியைப் பிரித்ததும் ஓடும் என்று சொல்லி விற்கிற நீராவி எஞ்சின் மாடலைக் காசு கொடுத்து வாங்கி, அதை ஓடவிடாமல் வைத்திருப்பவர் எஞ்சின் துரை. இங்கிலாந்தில் பின்தோட்டம் உள்ள வீடுகளில் வசிப்பார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருப்பார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிரிஞ்சு இருக்கும், டாக்டர் அல்லர். முழங்கால் மடங்காது என்பதால் தோட்டத்துத் தண்டவாளத்தை மரக்கால் நட்டு இடுப்பு உயரத்துக்குத் தூக்கி வைத்திருப்பார். முன்பு அங்கே துணி காயப்போடும் கொடி இருந்தது. துரைசானி இப்போது துணியைக் குளியலறையில் காயப்போடுகிறார்.

துரையின் எஞ்சின் மின்சாரத்தில் ஓடும் ரகம் அல்ல. செம்புக் கொதிகலன், அதற்குள் ஒரு நெருப்புக் குழாய், குழாயில் எரியும் பியூட்டேன் வாயு, இரண்டு சிலிண்டர், இரண்டு பிஸ்டன் என்று பெரிய எஞ்சினின் சமாச்சாரம் எல்லாம் ஒரு சுரைக்காய் அளவுக்குள் அடங்கியிருக்கும். அசலில் ஓர் அடி என்பது இதில் 16 மில்லிமீட்டர், அதாவது 19இல் ஒரு பங்கு. மலைப்பாதைகளில் ஓடிய 2 அடி அகல ரயில் இந்தக் கணக்கில் 32 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் கச்சிதமாக உட்காரும். வேல்ஸ் மலைகளில் கல்பலகை இழுத்த எஞ்சின்களும், டார்ஜிலிங் மலையேறிய பி வகை எஞ்சினும் இப்படித்தான் சுருங்கி ஆங்கிலத் தோட்டங்களுக்குள் வந்து சேர்ந்தன. விலை ஆயிரம் பவுண்டைச் சுலபமாகத் தாண்டும். துரைசானியிடம் சொல்லும்போது அதில் ஓர் இலக்கம் குறையும்.

‘ரெடி டு ரன்’ (பிரித்ததும் ஓடும்) என்ற அந்த மூன்று சொல்லுக்கு இருக்கும் மவுசு, அது இல்லாமல் காலம் தள்ளியவர்களைப் பார்த்தால்தான் விளங்கும். வார்ப்பும் தகடும் வாங்கிக் கொட்டகையில் கடைசல் எந்திரம் போட்டு, ஒரே எஞ்சினை வருஷக்கணக்கில் கடைந்தெடுக்கிற பரம்பரை ஒன்று இங்கிலாந்தில் உண்டு. அவர்களுக்குக் கைத்திறன் இருந்தது, நகக்கண்ணில் கறுப்பும் இருந்தது. பணம் மட்டும் இருந்தவர்களுக்கு நார்த்தாம்ப்டனைச் சேர்ந்த பாசெட்-லோக் வழி செய்தார். 1900இல் பாரிஸ் கண்காட்சியில் நியூரம்பெர்க் நகரத்து பிங் கம்பெனியின் எஞ்சின்களைப் பார்த்து அசந்துபோய், ஆங்கிலேய ரயில்களின் சாயலில் அவர்களையே செய்து தரச் சொல்லி இங்கிலாந்தில் விற்றார். அதற்கும் முன்னால் விக்டோரியா ராணி காலத்திலேயே பித்தளை எஞ்சின்கள் கடையில் கிடைத்தன. அவற்றுக்குத் தண்டவாளம்கூடக் கிடையாது. ஸ்பிரிட் விளக்கை ஏற்றித் தரையில் விட்டால் போகிற வழியெல்லாம் தண்ணீரை ஒழுக்கிக்கொண்டு போகும். ‘பர்மிங்காம் ஒழுக்கி’ என்றே அதற்குப் பேர் விழுந்துவிட்டது. நடுக்கூடத்துக் கம்பளத்தில் ஸ்பிரிட் விளக்கோடு அது உலாப்போவது எவ்வளவு பத்திரம் என்று அந்தக் காலத்தில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஆனால் ஒழுக்கி ஓடியது. 2003இல் ஹார்ன்பி கம்பெனி, தண்டவாளம் வழியே வரும் மின்சாரத்தால் தண்ணீரைக் கொதிக்கவைத்து நீராவியில் ஓடும், மல்லார்டு என்ற புகழ்பெற்ற எஞ்சினின் மாடலைச் சாப்பாட்டு மேசைமேல் ஓட்டும் அளவுக்குச் சிறிதாகவே கொண்டுவந்தது. நெருப்பில்லாத நீராவியைத் துரை மதிப்பதில்லை.

துரையின் பழக்கங்கள் பல. ‘பொம்மை’ என்று யாராவது சொன்னால் ‘மாடல்’ என்று திருத்துவார். எஞ்சின் வந்த அட்டைப்பெட்டியையும் அதற்குள் இருந்த பஞ்சையும் வீட்டுப் பத்திரம் போலக் காப்பாற்றுவார். சிறுபிள்ளைகள் கதைப்புத்தக எஞ்சினின் பேரால் ‘தாமஸ்’ என்று கூப்பிட்டுவிட்டால், அந்தக் கதைகளை எழுதிய ஆட்ரி பாதிரியார் 1950களில் வேல்ஸின் தாலிலின் ரயிலில் சம்பளமில்லாமல் வேலை பார்த்ததிலிருந்து ஆரம்பிப்பார். இவையெல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடியவை. பொறுக்க முடியாதது ஆயத்தம்.

‘ஞாயிற்றுக்கிழமை 2 மணிக்கு வாருங்கள், எஞ்சின் ஓடுகிறது’ என்று அழைப்பு வரும். 2 மணிக்குப் போனால் எஞ்சின் தோட்டத்து மேசைமேல் பழைய துண்டு ஒன்றில் மல்லாந்து கிடக்கும். ‘இதோ, ரெண்டே நிமிஷம்’ என்பார் துரை.

முதலில் எண்ணெய். கண்ணுக்குத் தெரிகிற மூட்டு ஒவ்வொன்றுக்கும் ஊசிமுனையால் ஒரு சொட்டு. ஒரு சொட்டு என்றால் ஒரு சொட்டுதான். ஒன்றரை விழுந்தால் துடைத்துவிட்டு மறுபடி. இது சக்கரத்துக்கும் தண்டுகளுக்கும் உள்ள எண்ணெய். சிலிண்டருக்கு வேறு. அது மார்கழி மாதத்து விளக்கெண்ணெய் போல ஊற்றினால் விழாத கெட்டி எண்ணெய், லூப்ரிகேட்டர் என்ற சின்னக் குப்பிக்குள் போக வேண்டியது. அந்தக் குப்பி வேலை செய்கிற விதம் உண்மையிலேயே அழகானது. எஞ்சின் ஓடும்போது கொஞ்சம் நீராவி குப்பிக்குள் நுழைந்து குளிர்ந்து தண்ணீராகும். தண்ணீர் கனம், அடியில் தங்கும். எண்ணெய் லேசு, மேலே எழும்பி நீராவியோடு சேர்ந்து சிலிண்டருக்குப் போகும். பம்பும் இல்லை, பல்சக்கரமும் இல்லை. இதை ஒரு தடவை விளக்கினால் யாரும் தலையாட்டிக் கேட்பார்கள். துரை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதே ஆட்களுக்கு விளக்குகிறார்.

அடுத்தது தண்ணீர். குழாய்த் தண்ணீர் கூடாது. தென்கிழக்கு இங்கிலாந்தின் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். வீட்டு டீக் கெட்டிலின் அடியைப் பார்த்தாலே தெரியும். காய்ச்சி வடித்த தண்ணீர் வேண்டும் என்பது ஒரு கட்சி. மழைத்தண்ணீரைக் காபி வடிதாளில் வடிகட்டி ஊற்றினால் போதும் என்பது இன்னொரு கட்சி. கடையில் கேன்களில் விற்கும் அயனி நீக்கிய தண்ணீர் கொதிகலனில் உள்ள வெண்கலப் பாகங்களைத் தின்னும் என்று ஒரு கட்சி, தின்னாது என்று அதற்கு எதிர்க்கட்சி. நான்கு கட்சிகளின் வாதத்தையும் துரை ஒருவரே எடுத்துவைப்பார். வந்தவர்கள் நின்றபடி கேட்பார்கள், ஏனென்றால் நாற்காலிகள் மேல் கருவிப்பெட்டிகள் உட்கார்ந்திருக்கும். மணி 2.35.

பிறகு வாயு. டப்பாவைக் கவிழ்த்துப் பிடித்து எஞ்சினின் தொட்டிக்குள் அழுத்தினால் திரவமாக இறங்கும். நிறைந்ததும் வெள்ளையாகச் சீறும். பியூட்டேன் பூஜ்யம் டிகிரியை ஒட்டித்தான் கொதிக்கிற சரக்கு. குளிர்நாளில் அதற்குச் சுறுசுறுப்பு வராது. போதாததற்கு, வாயு வெளியேற வெளியேறத் தொட்டியும் சில்லிட்டுப்போகும். ஆகவே தொட்டியைச் சுற்றி வெந்நீர் ஊற்றி அதைத் தாஜா செய்ய வேண்டும். வெந்நீருக்காகத் துரை சமையலறைக்குப் போவார். விருந்தாளிகளுக்கு டீ போடக் கொதிக்கவைத்த கெட்டிலோடு திரும்புவார். அந்தத் தண்ணீர் கோப்பைக்கு வருவதில்லை.

2.50க்குப் பற்றவைத்தல். புகைபோக்கியின் வாயில் நெருப்பைக் காட்டினால் ‘பொப்’ என்று சுடர் உள்ளே இறங்கி பர்னரில் அமர வேண்டும். சில நாள் அமரும். வாயு கூடினால் ஊளையிடும், குறைந்தால் அணைந்துவிடும். வாயு வருகிற ஜெட்டில் உள்ள துவாரம் மயிரிழை. ஒரு தூசி போதும் அடைக்க. கம்பியால் குத்தக் கூடாது, துவாரம் பெரிதாகிவிடும். கழற்றி, கரைப்பானில் ஊறப்போட்டு, ஊத வேண்டும். ஊறுகிற நேரம் ரெண்டே நிமிஷக் கணக்கில் சேராது.

நெருப்பு ஒழுங்காக நின்றுவிட்டால் நீராவி எழப் பத்து நிமிஷம்கூட ஆகாது. அழுத்தமானியின் முள் நடுங்கி எழுந்து, சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டை எட்டும். காப்பு வால்வு சீறும். வந்தவர்கள் குதூகலமாகத் தண்டவாளத்தைச் சூழ்வார்கள். துரை கையை உயர்த்திக் காட்டுவார்: இன்னும் இல்லை. சிலிண்டர் குளிர்ந்திருக்கிறது, முதலில் நுழையும் நீராவி அங்கே தண்ணீராகிப் பிஸ்டனை மறிக்கும், எஞ்சினைக் கையால் முன்னும் பின்னும் உருட்டி அந்தத் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். அது புகைபோக்கி வழியாக எண்ணெய் கலந்து, சுடச்சுட வரும். அந்தச் சமயத்தில் குனிந்து பார்ப்பவர் வெள்ளைச் சட்டை போட்டிருப்பார்.

இவ்வளவு நேரமா என்று கேட்டால் துரையிடம் பதில் தயார். பெரிய எஞ்சினுக்கு விடியுமுன் எழுந்து நெருப்பு மூட்டி மணிக்கணக்கில் காத்திருந்தார்கள் என்பார். வாஸ்தவம். அந்த எஞ்சின்கள் அப்புறம் லண்டனிலிருந்து எடின்பரோ வரை போயின. இது ரோஜாச் செடியிலிருந்து கொட்டகை வரை போய், கொட்டகையிலிருந்து ரோஜாச் செடிக்குத் திரும்புகிறது.

ஒருமுறை தொட்டி நிறைந்தால் எரிவது 20, 25 நிமிஷம். அதில் பாதி சுடரைத் திருத்துவதிலும், முள்ளைப் பார்ப்பதிலும், விளக்கம் சொல்வதிலும் போய்விடும். மிச்சத்தில் எஞ்சின் ஓடும். அப்போது பார்க்க வேண்டும். சக்கரம் ஒரு சுற்று சுற்ற நாலு மூச்சு விட்டு, வெந்த எண்ணெயின் வாசனையைப் பின்னால் விட்டுக்கொண்டு, மூன்று பெட்டிகளை இழுத்தபடி அது ரோஜாச் செடியைத் தாண்டி வரும்போது துரையின் முகத்தில் அறுபது வருஷம் உதிர்ந்துவிடும். பிரிட்டனின் பெரிய ரயில் பாதைகள் 1968 ஆகஸ்ட் 11 அன்று நீராவி வண்டிக்கு விடைகொடுத்தபோது அவர் எஞ்சின் எண்களை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு பிளாட்பாரத்தில் நின்ற பையன். அடுத்தடுத்த வருஷங்களில் நின்ற இடத்துக்கு டீசல் வண்டிதான் வந்தது. இந்தச் சுரைக்காய்க்கு அவர் கொடுத்த விலை அதிகம் என்று அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றாது. இரண்டாவது சுற்று முடியும்போது வாயு தீர்ந்து எஞ்சின் கொட்டகை அருகே நின்றுவிடும்.

‘நான் ஒரு தடவை ஓட்டட்டுமா?’ என்று முன்வரிசையில் நிற்கிற சிறுமி கேட்பாள். ஒன்றேகால் மணி நேரமாக நிற்கிறவள். எஞ்சினைத் தூரத்திலிருந்து இயக்கும் ரேடியோப் பெட்டியில் ஓட்டுவதற்கு ஒன்று, முன்னும் பின்னும் திருப்புவதற்கு ஒன்று என்று இரண்டு நெம்புகோல்தான். சைக்கிள் ஓட்டுவதைவிடச் சுலபம். ‘அடுத்த முறை’ என்பார் துரை. போன முறையும் அதைத்தான் சொன்னார். உள்ளே துரைசானி 3 மணிக்குப் பரிமாறக் கணக்குப் பண்ணி அடுப்பில் வைத்த யார்க்ஷயர் புட்டிங், இறக்கிய சூட்டில் தின்ன வேண்டியது, காத்திருந்தால் அமுங்கிவிடும். உண்மையிலேயே ரெண்டே நிமிஷம் கெடு உள்ள வஸ்து அந்த வீட்டில் அது ஒன்றுதான். நாற்பது வருஷமாகச் சமைக்கிறவரை ஜன்னலோரம் நிற்கவைத்துவிட்டு அயனி நீக்கிய தண்ணீரைப் பற்றிப் பேசுவதில் ரசனை எதுவும் இல்லை. மரியாதைக் குறைவு அது. சிறுமிக்குச் செய்வதும் அதுவே.

ஓட்டம் முடிந்ததும் பராமரிப்பு. சிரிஞ்சு இருப்பது இதற்குத்தான். லூப்ரிகேட்டரின் அடியில் தங்கிய தண்ணீரை உறிஞ்சி எடுத்துப் புது எண்ணெய் நிரப்ப வேண்டும். விட்டால் அடுத்த முறை சிலிண்டருக்கு எண்ணெய்க்குப் பதில் தண்ணீர் போகும். உறிஞ்சியது மோர் போல வெளுத்து வரும். அதை ஊற்றி வைக்கக் கைக்குக் கிடைத்த கோப்பையைத் துரை எடுப்பார். எடுத்ததைத் திருப்பி அலமாரியிலேயே வைத்துவிட்டார் என்று ஒரு வழக்கு அந்த வீட்டில் இன்னும் தீரவில்லை. உடம்புச் சூடு ஆறுமுன் எஞ்சினைத் துடைக்க வேண்டும், ஆறினால் எண்ணெய் பிசினாகும். சக்கரத் திருகுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வால்வுகளில் உள்ள ரப்பர் வளையம் தேய்ந்தால் மாற்ற வேண்டும். சங்கத்துத் தண்டவாளத்தில் ஓட்டுவதானால் கொதிகலனுக்கு அழுத்தச் சோதனைச் சான்றிதழ் கேட்பார்கள். துரையின் கொதிகலனுக்கு அது கெடு தவறாமல் புதுப்பிக்கப்படும். காரின் சான்றிதழ் காலாவதியானது தபாலில் வந்த அபராதத்தில்தான் தெரிந்தது.

அழைப்பு கிடைத்தவர்களுக்கு: 2 மணி என்றால் 3.10க்குப் போனால் போதும். கறுப்புச் சட்டை நல்லது. டீயை வீட்டிலேயே குடித்துவிட்டுப் புறப்படவும். குழந்தையை அழைத்துப் போவதானால், யார் ஓட்டுவது என்பதைத் துரையிடம் முதல் நாளே பேசி முடித்துக்கொள்ளவும்.