முற்றியும் கடைத்தெருவுக்கு வராத கத்தரிக்காய்

கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகணும் என்று பழமொழி சொன்ன புண்ணியவான், டெல்லியில் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு என்று ஒன்று உட்காரப் போவதை அறியாதவர். நம் பி.டி. கத்தரிக்காய் 2009-லேயே முற்றிவிட்டது. கடைத்தெருவைத்தான் இன்னும் பார்க்கவில்லை.

இதைச் சொல்ல நீ யார் என்று கேட்டால், ஒரகடத்தில் கார் பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் க்யூசி. சப்ளையர் அனுப்பும் சரக்கை அளந்து பார்த்து டேக் மாட்டுவது என் பிழைப்பு. பச்சை டேக் என்றால் லைனுக்குப் போகலாம். சிவப்பு என்றால் காயலான் கடை. மஞ்சள் என்றால் 'ஹோல்ட்', அதாவது முடிவெடுக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. இந்தியாவில் மஞ்சள் டேக் மாட்டிய சரக்குகளில் இந்தக் கத்தரிக்காய் அளவுக்குப் புகழ் பெற்றது வேறில்லை.

கதையில் முதல் வரவு வில்லன். பெயர் காய்த்துளைப்பான். புழு முட்டையிலிருந்து வெளிவந்ததுமே குருத்தையோ பிஞ்சையோ துளைத்து உள்ளே போய்விடும். போனதும் செய்கிற முதல் காரியம், வந்த வழியைத் தன் எச்சத்தாலேயே அடைப்பது. அப்புறம் ஏசி ரூமில் உட்கார்ந்த மேனேஜர் மாதிரிதான். வெளியே எத்தனை டேங்க் மருந்து அடித்தாலும் அதன் காதில் விழாது. விவசாயி விடாமல் அடிப்பார், புழு விடாமல் தின்னும். இடையில் அந்த மருந்தைச் சாம்பாரில் சாப்பிடுவது நாம்.

கதாநாயகன் ஒரு மண் பாக்டீரியா. 1901-ல் ஜப்பானில் பட்டுப்புழுக்களைக் கொன்றபோது இஷிவாட்டா என்பவர் கையில் பிடிபட்டது. 1911-ல் ஜெர்மனியின் துரிங்கியாவில் மாவு அந்துப்பூச்சியின் புழுவைக் கொன்றபோது பெர்லினர் என்பவர் கையில் மறுபடி பிடிபட்டது. பின்னால் பெயர் வைத்தவரும் அவரே. பி.டி.யில் வருகிற 'டி' அந்தத் துரிங்கியாதான். இந்தப் பாக்டீரியா உண்டாக்கும் புரதம் புழுவின் காரத்தன்மையுள்ள குடலில் கரைந்து குடலையே ஓட்டையாக்கிவிடும். மனிதன் வயிற்றில் இருப்பதோ அமிலம், அதனால் பயமில்லை என்பது கம்பெனிக் கட்சியின் வாதம். அந்தப் புரதத்துக்கான மரபணுவைச் செடிக்குள்ளேயே வைத்துவிட்டால், மருந்து அடிக்கிற வேலையைக் கத்தரிக்காயே பார்த்துக்கொள்ளும். யோசனை நன்றாகத்தான் இருந்தது.

மரபணு மான்சாண்டோவுடையது. அதைக் கத்தரிக்குள் நுழைத்தது மகாராஷ்டிரத்து ஜால்னாவின் மாஹிகோ. அங்கிருந்து கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்கு வந்து, கோ-2, எம்.டி.யு-1, கே.கே.எம்-1, பி.எல்.ஆர்-1 என்ற நாலு ரகத்துக்குள் குடியேறியது. கோவை, மதுரை, கிள்ளிகுளம், பாலூர் என்று நாலுமே நம் ஊர்ப் பிள்ளைகள். கர்நாடகத்துத் தார்வாட் வேளாண் பல்கலைக்கழகத்தின் பக்கம் உடுப்பி குல்லா கத்தரி மாட்டியது. அது துறவி வாதிராஜர் கொடுத்த விதை என்று ஊரே நம்புகிற காய். அதற்குள் ஜெர்மன் பாக்டீரியா புகுந்தால் பக்தர்கள் சும்மா இருப்பார்களா?

இனி என் துறை. இந்தக் காய் பாதுகாப்பானது என்று சோதித்தது யார்? விற்கப் போகிற கம்பெனியும், அது காசு கொடுத்து அமர்த்திய ஆய்வகங்களும். சப்ளையர் தன் சரக்குக்குத் தானே சான்றிதழ் எழுதிக்கொண்டு வந்தால் நாங்கள் டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைப்போம்; சரக்கை வேறு கேஜில் வைத்து அளப்போம். ஒரகடத்திலேயே மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. புதுக் காரைக் கொண்டுபோய்ச் சுவரில் மோதவிட்டு, உள்ளே உட்கார்ந்த பொம்மைக்கு எத்தனை எலும்பு போச்சு என்று எண்ணுவார்கள். நாற்பது ரூபாய்க் காய்க்கு அப்படி ஒரு சுவர் கிடைக்கவில்லை.

சோதனை விவரத்தையாவது காட்டினார்களா என்றால், அது வியாபார ரகசியமாம். தகவல் உரிமைச் சட்டமும் உச்ச நீதிமன்றமும் தலையிட்ட பிறகுதான் 2008-ல் வெளியே வந்தது. எங்கள் ஸ்ரீபெரும்புதூரில் 1017-ல் பிறந்த ஒருவர், யாரிடமும் சொல்லாதே என்று குரு கொடுத்த மந்திரத்தைத் திருக்கோஷ்டியூர் கோபுரத்தில் ஏறி ஊருக்கே கத்திச் சொன்னார். கத்தரிக்காய்க்கு ஒரு ராமானுஜர் அமையவில்லை, வக்கீல்கள்தான் அமைந்தார்கள்.

2009 அக்டோபர் 14 அன்று ஒப்புதல் குழு பச்சை டேக் மாட்டியது. குழுவுக்குள் உச்ச நீதிமன்றம் அனுப்பிய ஆள் ஒருவர் இருந்தார், ஹைதராபாத் உயிரியல் மையத்தை உருவாக்கிய புஷ்ப பார்கவா. இன்னும் செய்ய வேண்டிய சோதனைகள் என்று ஒரு நீளப் பட்டியல் வைத்திருந்தார். பெரிய மனிதர் பேசும்போது தலையாட்டிவிட்டு ஃபைலை நகர்த்துவது எல்லாக் கமிட்டிக்கும் பொது வழக்கம்.

நாடு கொதித்தது. சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், சரி, ஊரைக் கேட்போம் என்று 2010 ஜனவரியில் கிளம்பினார். கொல்கத்தா, புவனேஸ்வர், அகமதாபாத், நாக்பூர், சண்டிகர், ஹைதராபாத், பெங்களூர் என்று ஏழு ஊர், சுமார் 8,000 பேர். நாலு ரகத்தைப் பெற்றெடுத்த தமிழ்நாட்டில் ஒரு கூட்டமும் இல்லை. பெண் வீட்டாரைக் கூப்பிடாமலே நிச்சயதார்த்தம். சொல்ல வேண்டியது இருந்தவர் ஸ்ரீபெரும்புதூர் டோல்கேட்டைத் தாண்டி பெங்களூர் பஸ் பிடிக்க வேண்டியதுதான்.

இங்கே பேசுவதிலும் ஒரு சிக்கல். 2009-ல் நம் சட்டமன்றம் வேளாண் மன்றச் சட்டம் என்று ஒன்றை நிறைவேற்றியது. பதிவு பெறாதவர் விவசாய ஆலோசனை சொல்வதே குற்றம். ஊர் ஊராகப் போய் இயற்கை வேளாண்மை சொல்லிக்கொண்டிருந்த நம்மாழ்வார் திடீரென்று போலி டாக்டர் கணக்கில் சேர்ந்தார். வரப்பில் நின்று பக்கத்து வயல்காரருக்கு யோசனை சொன்ன நம் தாத்தாக்களின் பட்டியலை எடுத்தால் புழல் சிறை தாங்காது. எதிர்ப்பு கிளம்பியதும் சட்டம் சத்தமில்லாமல் பின்வாங்கியது.

கூட்டங்களில் கிளம்பிய பயங்கள் பல தினுசு. மகரந்தம் பறந்து நாட்டு ரகங்களைக் கலந்துவிடுமே என்றார்கள். தேனீக்கு எல்லைக்கோடு தெரியாது, நியாயமான பயம். விதைக்கு வருஷா வருஷம் கம்பெனி வாசலில் நிற்க வேண்டுமே என்றார்கள், அதுவும் நியாயம். இதைச் சாப்பிட்டால் மனுஷனே புழுவாகிவிடுவான் என்கிற ரகத்துக்கு மட்டும் நான் சிவப்பு டேக்.

கும்பகோணத்துக்காரரான வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதனே அவசரம் வேண்டாம் என்றார். 2010 பிப்ரவரி 9 அன்று அமைச்சர் மஞ்சள் டேக்கை மாட்டினார். சரியாக 36 நாள் கழித்து, மார்ச் 17 அன்று, ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் தொழிற்சாலை திறப்பு விழா. கார் உள்ளே வந்தது, கத்தரிக்காய் வெளியே நின்றது. காரில் கோளாறு என்றால் திரும்ப அழைத்துக்கொள்ளலாம். பறந்துபோன மகரந்தத்தை எந்த சர்வீஸ் சென்டருக்குக் கூப்பிடுவது?

அப்புறம் நடந்ததுதான் காமெடி. நாட்டின் ஆறு அறிவியல் கழகங்கள் கூடி, பி.டி. கத்தரிக்காயை அனுமதிக்கலாம் என்று 2010 செப்டம்பரில் அறிக்கை கொடுத்தன. பிரித்துப் பார்த்தால், ஒரு விஞ்ஞானி ஏற்கெனவே எழுதிய கட்டுரையிலிருந்து பத்தி பத்தியாக அப்படியே உருவியிருந்தார்கள். ஆறு கழகம் சேர்ந்து ஒரு காப்பி. பத்தாம் வகுப்பில் இதற்கு ஹால் டிக்கெட்டைப் பிடுங்குவார்கள். அந்த வருஷமே ஒப்புதல் குழுவின் பெயரிலிருந்து 'ஒப்புதல்' பறிபோய் 'மதிப்பீடு' வந்தது. காய் உள்ளே போகவில்லை, குழுவின் பெயர்தான் வெளியே போனது.

ஹோல்டில் கிடக்கும் சரக்கு சும்மா கிடக்குமா? 2014 ஜனவரியில் வங்கதேசம் 20 விவசாயிகளுக்கு பி.டி. கத்தரி நாற்று கொடுத்தது. 2019-ல் ஹரியானாவின் பதேஹாபாதில் ஒரு வயலில் அனுமதியே இல்லாத பி.டி. கத்தரி காய்த்துத் தொங்கியது. முன் கேட்டில் செக்யூரிட்டி விறைப்பாக சல்யூட் அடித்துக்கொண்டிருக்கும்போது பின் கேட் வழியாக லோடு போவது எங்களுக்குப் புதிதில்லை.

இன்னொன்று, சாப்பிட உட்காருமுன் சொல்லிவிடுகிறேன். 2002-லேயே பச்சை டேக் வாங்கிய பி.டி. பருத்தி இன்று நாட்டின் பருத்தியில் 90 சதவீதத்துக்கு மேல். அதன் கொட்டையில் எடுக்கிற எண்ணெய் சமையலுக்குத்தான் போகிறது. 2021 ஆகஸ்டில் மரபணு மாற்றிய சோயாப் புண்ணாக்கு 12 லட்சம் டன் இறக்குமதிக்கு அனுமதி கிடைத்தது, கோழித் தீவனத்துக்காக. கத்தரிக்காயை வாசலிலேயே நிறுத்திவிட்டோம் என்று மீசையை முறுக்கிக்கொண்டு சிக்கன் பக்கோடா சாப்பிடுகிறோம்.

நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கினால், ஒரகடம் கூட்ரோட்டில் சாக்கு விரித்து ஒரு அக்கா காய் விற்பார். போன வாரம் அம்மாவும் கூட இருந்தாள். பளபளவென்று இருந்ததையெல்லாம் ஒதுக்கிவிட்டு, ஓட்டை விழுந்த காயாகப் பார்த்துப் பொறுக்கினாள். "புழு தின்ன காய்டா. மருந்து அடிக்கலன்னு அர்த்தம்."

நான் க்யூசி புத்தியைக் காட்டினேன். "இல்லம்மா. அது உள்ள போய்க் கதவைச் சாத்திக்கும். வெளிய எவ்வளவு அடிச்சாலும் அதுக்கு ஒண்ணும் ஆகாது. ஓட்டை இருந்தா மருந்து இல்லைன்னு சொல்ல முடியாது."

அம்மா காயைத் தராசில் வைத்தாள். "அது தப்பிச்சுதுல்ல? நாமளும் தப்பிச்சுக்குவோம். அரைக் கிலோ போடும்மா."