சீசன் கட்டணத்தை ஆடி மாதத்துக்கு மாற்றக் கோரி ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: பனித்திட்டுவாசி ஒருவர், பாகூர் கொம்யூன், புதுச்சேரி.

பெறுநர்: பொது மேலாளர் அவர்கள், கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள ஒரு கேளிக்கைப் பூங்கா. (எந்தப் பூங்கா என்று எழுதவில்லை. தமக்குத்தான் என்று தோன்றுகிறவர் பிரித்துப் படிக்கலாம்.)

பொருள்: கிறிஸ்துமஸ், புத்தாண்டு சீசன் கட்டணம் – கடலோரக் குடும்பங்களின் பணிவான ஆலோசனை – தொடர்பாக.

ஐயா,

போன கிறிஸ்துமஸ் லீவில் எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து ஒரு வேன் பிடித்து, கிருமாம்பாக்கத்தில் மெயின் ரோடு ஏறி, புதுச்சேரி தாண்டி, மரக்காணம் கடந்து தங்கள் பூங்காவுக்கு வந்துபோனோம். பிள்ளைகள் இன்னும் அதைப் பற்றியே பேசுகிறார்கள். பெரியவர்கள் இன்னும் அதற்கு வட்டி கட்டுகிறோம். ஆக, வீட்டில் யாருமே தங்களை மறக்கவில்லை.

முதலில் பாராட்டிவிடுகிறேன். வாசலில் பஞ்சில் செய்த பனிமலை பிரமாதம். அன்று விடியற்காலையிலிருந்தே தூறல். பஞ்சு நனைந்து, மலை பாதியாகியிருந்தது. கிறிஸ்துமஸ் தாத்தா வேடம் போட்டிருந்த தம்பி, கம்பளி உடுப்புக்கு மேலே மழைக்கோட்டும் மாட்டிக்கொண்டு பிள்ளைகளுக்குக் கைகொடுத்தார். அவருக்கு அன்று இரட்டைச் சம்பளம் தந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஓரமாக, பல் முளைத்த பூசணிக்காய் படம் போட்ட பழைய பேனர் ஒன்றும் தொங்கியது. அக்டோபரில் பேய்த் திருவிழா நடத்தினீர்களாம். ஆயுத பூஜைக்கு நாங்கள் ரோட்டில் உடைத்த பூசணிதான் அங்கே வந்து நிற்கிறது என்று எங்கள் பெரியம்மா கடைசிவரை நம்பினார்.

இந்தப் பூசணி விஷயத்தில் ஒரு சந்தேகம். அமெரிக்காவில் கோடை லீவு முடிந்ததும் பூங்காக்களுக்குக் கூட்டம் வற்றிவிடும். அந்தக் காலத்தை ஓட்டுவதற்கு அவர்கள் பிடித்த வழிதான் பேய் இரவுகள். கலிபோர்னியாவில் நாட்ஸ் பெரி ஃபார்ம் என்ற பூங்கா 1973இல் அதை ஆரம்பித்தது, பிறகு மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். அதாவது, அங்கே ஆள் வராத காலத்தில் ஆளை இழுக்கப் பூசணி. இங்கே ஆள் வருகிற காலத்தில் விலையை ஏற்றப் பூசணி. பூசணியைக் கொண்டுவந்தவர்கள் அதன் கணக்கை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

கவுண்டருக்கு வருவோம். விஜிபி பூங்காவில் எத்தனை சேட்டை செய்தாலும் சிரிக்காமல் நிற்பாரே சிலை மனிதர், தங்கள் கவுண்டரில் இருந்தவர் அவருக்கே பாடம் எடுப்பார். பிள்ளைகளைச் சுவரோரம் நிறுத்தி உயரம் அளந்தார். எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் பெரியவர் டிக்கெட் உயரத்தைத் தொட்டுவிட்டான், முழுக்காசு. உள்ளே போய்ப் பெரிய சவாரிக்கு நின்றால், அங்கே இன்னொரு சுவர். இரண்டு விரற்கடை குறைகிறான் என்று திருப்பி அனுப்பினார்கள். காசு வாங்கும்போது பெரியவனாகவும், ஏற்றும்போது சின்னவனாகவும் இருக்க அந்தப் பிள்ளை என்ன செய்யவேண்டும் என்று எழுத்துமூலம் தெரிவித்தால், அடுத்த முறை பழக்கிக் கூட்டிவருகிறோம்.

சோற்று மூட்டையையும் சொல்லவேண்டும். வெளி உணவுக்கு அனுமதி இல்லை என்று தெரியாமல் எலுமிச்சைச் சோறும் நெத்திலிக் கருவாட்டுத் தொக்கும் கட்டிக்கொண்டு வந்திருந்தோம். பையைச் சோதித்த தம்பி மூடியைத் திறந்தார். உடனே மூடினார். "அக்கா, தயவுசெஞ்சு வேன்லயே வெச்சிடுங்க" என்றார். நல்ல பிள்ளை. பிறகு உள்ளே நாங்கள் வாங்கிச் சாப்பிட்ட சோற்றின் விலையில், ஊரில் ஒரு கூடை நெத்திலியே வாங்கியிருக்கலாம்.

ஆனால் ஐயா, தங்கள் அலைக்குளம்! அதற்கு ஈடு கிடையாது. எங்கள் மாமா மீசை நரைக்கிற வரைக்கும் கடலில் கிடந்தவர். அவரை இடுப்பளவுத் தண்ணீரில் நிறுத்தி, மிதவைச் சட்டை மாட்டி, "தாத்தா, அதுக்கு மேல போகாதீங்க" என்று விசில் ஊதினார்கள். சங்கு ஊதியதும் அலை வந்தது, மறுபடி ஊதியதும் நின்றது. மாமா அசந்துபோனார். அலைக்கு இடைவேளை விடுகிற ஆட்களைத் தன் ஆயுசில் பார்த்ததில்லை என்றார். பெண்களைப் புடவையோடு இறங்கக் கூடாது என்றார்கள். நைலான் உடுப்பு வாடகைக்கு உண்டாம். மாசி மகத்தன்று கடலிலேயே புடவையோடு முழுக்குப் போடுகிறவர்கள் தங்கள் குளத்தங்கரையில் உட்கார்ந்து கால் நனைத்துவிட்டு வந்தார்கள்.

இதெல்லாம் சில்லறை. விண்ணப்பத்தின் காரியம் வேறு.

தங்கள் நாட்காட்டியும் எங்கள் நாட்காட்டியும் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்கின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் விசைப்படகுக்குப் போகிற பையன்கள் வீட்டில் இருப்பார்கள், நிவாரணத்துக்கு பேங்க் பாஸ்புக்கைப் பார்த்துக்கொண்டு. அதுதான் தங்களுக்குக் கோடை சீசன். அப்புறம் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்பார்கள், கடலுக்குப் போகாதீர்கள் என்பார்கள், அரசாங்கம் மழைக்கால நிவாரணம் என்று ஒன்று தனியாகவே தரவேண்டியிருக்கும். அதுதான் தங்களுக்குக் குளிர்கால சீசன். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறுகிற மாதத்தில் தங்கள் கட்டணமும் ஏறுகிறது. நடுவில் ஆடி, ஆவணியில் எங்கள் கையில் நாலு காசு புரளும். அப்போது பார்த்து, கூட்டம் இல்லை என்று தாங்கள் சலுகை அறிவிப்பீர்கள். அப்போது பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம்.

ஓர் உதாரணம்: 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகேதான் கரையேறியது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அடுத்து சாத்தனூர் அணையைத் திறந்துவிட, தென்பெண்ணை பெருகிப் பாகூர்ப் பக்கம் ஊருக்குள் வந்தது. ரேஷன் கார்டுக்கு 5,000 ரூபாய் அறிவித்தார் முதல்வர் ரங்கசாமி. அந்தப் பணத்தை அப்படியே கொண்டுவந்திருந்தாலும், சீசன் நாளில் நாலு பேருக்கு டிக்கெட், லாக்கர், மதியச் சோறு எல்லாவற்றுக்கும் எட்டியிருக்காது. கேளிக்கைப் பூங்கா டிக்கெட்டுக்கு 2017இல் ஜிஎஸ்டி 28 சதவீதம். 2018 ஜனவரியில் 18 ஆகக் குறைத்தார்கள். அந்தப் பெரிய மனதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்திலும் கேளிக்கை இல்லாமல் இல்லை. வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேர் ஆடி மாதத்து ஐந்தாம் வெள்ளியில் ஓடும். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னர் வடம் பிடித்தார், இன்றைக்குத் துணைநிலை ஆளுநர் வடம் பிடிக்கிறார். ராட்டினம் வரும், வளையல் கடை வரும், நுழைவுக் கட்டணம் கிடையாது, யாரையும் சுவரில் நிறுத்தி அளப்பதில்லை. தடைக்காலம் முடிந்து படகெல்லாம் கடலுக்குப் போன பிறகு வருகிற திருவிழா அது. அம்மன் மீன்வளத் துறையைக் கேட்டு நாள் குறிக்கவில்லை, ஆனாலும் கணக்கு சரியாக இருக்கிறது. தாங்கள் கணினி வைத்துக் கட்டணம் போடுகிறீர்கள்.

ஆகவே கோருவது இது. டிசம்பர் விலையை ஆடிக்கும், ஆடிச் சலுகையை டிசம்பருக்கும் மாற்றிப்போடுங்கள். அது முடியாதென்றால் கூண்டுச் சலுகை என்று ஒன்று வையுங்கள். துறைமுகத்தில் ஒன்றாம் எண் கூண்டு ஏறினால் கட்டணத்தில் பத்து சதவீதம் தள்ளுபடி, மூன்றாம் எண் என்றால் முப்பது. பத்தாம் எண் ஏறினால் இலவசம். அன்று தாங்களும் பூங்காவைத் திறக்கப்போவதில்லை, எனவே நஷ்டமில்லை. கருவாட்டுத் தொக்கைப் பற்றி வற்புறுத்தவில்லை.

பதில் எழுதுவதானால் ஜூன் 14க்குள் எழுதுங்கள். 15ஆம் தேதியிலிருந்து ஆட்கள் கடலுக்குப் போய்விடுவார்கள்.

இப்படிக்கு,
பனித்திட்டுவாசி